புதுப்பிப்பு: மகளுக்கு ஒலியொத்த சொற்களைக் கற்பித்தல்

எழுத்துகளை அறிந்திருந்தும், 'பல்' என்பதற்கு ஒலியொத்த சொல் கேட்டால் 'வாய்' என்று பொருளைக் கொண்டே விடை கூறுகிறாள் என, முன்பள்ளிக்குச் செல்லும் என் மகளைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

எழுத்தட்டைகளை ஒதுக்கிவிட்டு முதலில் காதைப் பழக்கச் சொன்ன ஆசிரியையின் யோசனையே பயனளித்தது. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும்போது 'கல், வில், மரம்' என்று சொல்லி, சேராததைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அது கைவந்த பிறகே, 'ட்டம்' என்ற பகுதியை மேசையில் நிலையாக வைத்து, அதன் முன்னால் ப, வ, க, ச என்ற அட்டைகளை மாற்றி மாற்றி வைத்தோம். பட்டம், வட்டம், கட்டம், சட்டம் என அவள் எழுத்துக்கூட்டாமலே வாசித்தாள். பாடல்களை மனனம் செய்விப்பது அவளை மகிழ்வித்தது. ஆனால் ஒலியொற்றுமையைக் கவனிக்க உதவவில்லை.

எதிர்பாராதது ஒன்றும் நிகழ்ந்தது. 'பட்டு'வுடன் 'பாட்டு'வும் சேரும் என்றாள். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றுவதோடு முதலெழுத்துகள் குறிலுக்குக் குறிலாகவும் நெடிலுக்கு நெடிலாகவும் அமைய வேண்டும் என்பதை இந்த வயதில் விளக்க இயலாது. ஆகவே பட்டு–தட்டு, பாட்டு–காட்டு என இரண்டு வரிசையாக அடுக்கி, நெடிலை நீட்டிச் சொல்ல வைத்தேன். அதன்பின், வாசிக்கும்போது அரவை (நெடிலைக் காட்டும் 'ா' குறியை) விட்டுவிடும் பழக்கமும் குறைந்துவிட்டது.