சூரியன் ஒளியை வளைப்பதை அளப்பது: நம்ம ஊர் அனுபவங்கள்

பாளையங்கோட்டை வாத்தியார்:
2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். மதியம் ஒரு மணி தாண்டியதும் வளையக் கிரகணம். தெருவில் வேப்பமரத்தடி மண்ணெல்லாம் வளையம் வளையமாக வெளிச்சம். பிள்ளைகள் அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்கள். ஒரு பையன், "சார், சூரியனோட ஈர்ப்பு ஒளியை வளைக்கும்னா, அதன் ஓரத்து நட்சத்திரம் தள்ளித் தெரியணுமே, எங்க?" என்றான்.

நல்ல கேள்வி. ஆனால் வளையக் கிரகணத்தில் மிச்சமிருக்கும் விளிம்பே கண்ணைக் கூசும், அதன் ஓரத்து நட்சத்திரத்தை எங்கே பார்ப்பது? 1919 மே 29 அன்று ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிப்பி தீவிலும், இன்னொரு குழு பிரேசிலின் சோப்ராலிலும் படமெடுத்தது முழுக் கிரகணத்தில். ஐன்ஸ்டீன் கணக்கில் சூரிய விளிம்பில் எதிர்பார்த்த விலகல் 1.75 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஆர்க் செகண்ட்). திருநெல்வேலி டவுன் தேரடியில் நின்று ஜங்ஷனில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். நியூட்டன் வழிக் கணக்கில் அதில் பாதிதான் வரும். சண்டையே அந்தப் பாதிக்குத்தான்.

தென்காசிக்காரன்:
அண்ணாச்சி, வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையை விட்டுட்டீங்களே! அதற்குக் கிரகணமே வேண்டாம். 3சி 279 என்ற குவாசரை (ரொம்பத் தூரத்துக் கேலக்ஸியின் பிரகாசமான மையம்) வருஷா வருஷம் அக்டோபர் 8 வாக்கில் சூரியன் மறைத்துப் போகும். பக்கத்தில் 3சி 273 என்ற இன்னொரு குவாசர். அந்த நாட்களில் இரண்டுக்கும் இடையிலான கோணம் எப்படி மாறுகிறது என்று 1969இல் கலிபோர்னியாவில் அளந்தார்கள்.

தொல்லை கொடுப்பது கரோனா, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலம். மின்னூட்டம் பெற்ற வாயுவான அந்தப் பிளாஸ்மாவும் ரேடியோ அலையை வளைக்கும். ஆனால் அதிர்வெண் குறையக் குறைய அதன் வளைப்பு கூடும். ஈர்ப்போ எல்லா அலையையும் ஒரே அளவுதான் வளைக்கும். அதனால் 1970களில் ஃபோமலாண்ட், ஸ்ராமெக் என்ற ரேடியோ வானியலாளர்கள் 2.7, 8.1 கிகாஹெர்ட்ஸ் என இரண்டிலும் அளந்து, கரோனாவின் பங்கைக் கழித்துவிட்டார்கள். பிழை ஒரு சதவீதம் வரை இறங்கியது.

ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது, இவர்கள் கழித்துப் போட்ட கரோனா பிளாஸ்மாவின் சொந்தக்காரச் சரக்குதான் அங்கே முதலீடு என்று. மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம். தட்டு கிடையாது, 1,100 எஃகுக் கம்பிகள்தான். நடுவே வானம் தெரிகிறது. சூரியக் காற்றின் பிளாஸ்மா வழியே வரும்போது குவாசர்கள் மினுங்குவதை வைத்து அந்தக் காற்றின் வேகத்தைக் கணிக்கிறார்கள்.

பாளையங்கோட்டை வாத்தியார்:
சரிதான் தம்பி, துல்லியத்தில் ரேடியோதான் ஜெயித்தது. ஆனாலும் நட்சத்திரத்துக்கு ஒரு மவுசு உண்டு. 2017 கிரகணத்தில் வயோமிங் மலை ஒன்றில் டொனால்ட் புரூன்ஸ் என்ற ஓய்வுபெற்ற இயற்பியலாளர் சின்னத் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, மூன்று சதவீதப் பிழைக்குள் அளந்துவிட்டார். 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சரில் ஆறு நிமிடத்துக்கு மேல் முழுக் கிரகணம். யாராவது வருகிறீர்களா?