அசிமோவ் கதையை விட்டு விலகியது இழப்பா?

குடியாத்தம் வாசகன்:
அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் ஏறத்தாழ 500 நூல்களைத் தந்தார் என்று வியக்கும் நண்பர்கள், அவற்றில் புனைவு எவ்வளவு குறைவு என்பதைப் பார்ப்பதில்லை. 21 வயதில் ‘நைட்ஃபால்’ கதையை வெளியிட்டு, மறு ஆண்டே ‘ஃபவுண்டேஷன்’ கதை வரிசையைத் தொடங்கியவர், 1957-இல் சோவியத் ஒன்றியம் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவியதும் மக்களுக்கு அறிவியலை விளக்கப் போய்விட்டார். பெரியவர்களுக்கென முழுக்கத் தம் கற்பனையில் எழுந்த அடுத்த அறிவியல் புனைவு நாவலுக்கு வாசகர்கள் 1972 வரை காத்திருந்தார்கள். இதை இழப்பு என்றே சொல்வேன். விளக்க நூல் பழசாகும், கதை ஆகாது.

காட்பாடி ஆசிரியை:
ஐயா, கதையும் பழசாகும். புதன் கோளின் ஒரே பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்திருக்கும் என்று நம்பி அவர் 1956-இல் ஒரு சிறுவர் நாவல் எழுதினார். அக்கோள் தன்னைத்தானே சுற்ற 59 நாள் ஆகிறது என்று 1965-இல் ரேடார் ஆய்வு காட்டியது. மறுபதிப்பின் முன்னுரையில் அப்பிழையை அவரே எடுத்துரைத்தார். அந்த நேர்மை எனக்குப் பெரிது. மேலும், தம் கதைகளில் ரோபோக்கள் மீறக் கூடாதென அவர் வகுத்த மூன்று விதிகள் ஒன்றோடொன்று முட்டும்போது பிறக்கும் புதிரை எப்படி அவிழ்த்தாரோ, அப்படித்தான் 1958 முதல் ஒரே மாத இதழில் எழுதிய 399 கட்டுரைகளிலும், மனிதர் எங்கே தவறினர், எப்படித் தெளிந்தனர் என்று கைப்பிடித்து அழைத்துச் செல்கிறார். தனிம அட்டவணையை, அன்று கண்டறியப்படாத தனிமங்களுக்காக மெண்டலீவ் விட்டுவைத்த வெற்றிடங்களிலிருந்து தொடங்கி நடத்த அவரிடம்தான் கற்றேன்.

குடியாத்தம் வாசகன்:
அம்மா, புதனைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும், மனிதரைவிட ரோபோக்களை நேசித்த, அவர் கதைகளில் வரும் ரோபோ உளவியலாளர் சூசன் கால்வினை எந்தக் கட்டுரை நமக்குத் தந்திருக்கும்?

வேலூர் ஆய்வுக்கூடத்தார்:
இருவரும் அவருடைய இறுதி ஆண்டுகளைத் தொடவில்லை. 1960-லேயே இரத்தத்தைப் பற்றி ஒரு நூல் எழுதியவர், 1983-இல் இதய அறுவையின்போது ஏற்றப்பட்ட இரத்தத்தால் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானார். மூன்று ஆண்டுகள் கழித்து, சென்னையில் எடுத்த மாதிரிகளை நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) சோதித்தபோதுதான் இந்தியாவில் அத்தொற்று முதன்முதலில் தெரியவந்தது. அன்று நிலவிய அச்சத்தை எங்கள் துறையின் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். மருத்துவர்களின் அறிவுரையால் அசிமோவ் தமக்கு வந்த தொற்றை வெளியே சொல்லவில்லை. 1992 ஏப்ரல் 6-இல் அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்தே மனைவி ஜேனட் உண்மையை எழுதினார். தம் நோயை அவரே எளிய தமிழ்நாட்டு வாசகனுக்கும் எட்டும்படி விளக்கியிருந்தால், எத்தனையோ நோயாளிகள் ஒதுக்கப்படாமல் இருந்திருப்பார்கள். நான் இழப்பு என்று கருதுவது இதைத்தான்.

குடியாத்தம் வாசகன்:
ஐயா, இச்செய்தி என்னை உலுக்கிவிட்டது. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் திரும்ப நாடியது ‘ஃபவுண்டேஷன்’ வரிசையைத்தான். அவர் மறைந்தபின் 1993-இல் வந்த நாவலில், உறவுகளை ஒவ்வொருவராக இழந்து முதுமையடையும், அவ்வரிசையின் நாயகர் ஹாரி செல்டன் தம் மேசையிலேயே உயிர் விடுகிறார். இன்றிரவு அந்தப் பக்கங்களை மீண்டும் படிக்கப் போகிறேன்.