புதுப்பிப்பு: கரண்ட் பில் எகிறிய காரணம் கிடைத்துவிட்டது

எப்போதும் 380 யூனிட்டைத் தாண்டாத வீட்டில் இந்த இரண்டு மாதத்துக்கு 620 காட்டுகிறது, மீட்டர்தான் பழுதோ என்று போன வாரம் புலம்பினேன் அல்லவா, மீட்டர் மேல் தப்பில்லை. நீங்கள் சொன்னபடி ராத்திரி விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைத்துவிட்டு மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், ஒரு மணி வாக்கில் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. போர் மோட்டார்! ஆளில்லாத மாடி போர்ஷனில் ஃப்ளஷ் டேங்க் வாஷர் போய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, தொட்டி குறையும்போதெல்லாம் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் மோட்டாரைப் போட்டிருக்கிறது. 1 எச்பி, மணிக்குச் சுமார் 1 யூனிட், தினம் நாலு மணி நேரம் கூடுதல் என்றாலே அறுபது நாளில் 240. 500-ஐத் தாண்டியதால் கட்டண விகிதமும் ஏறிவிட்டது, அதுதான் வயிற்றெரிச்சல். வாஷர் மாற்றியாச்சு. ஏசி போட்டதாகத் திட்டு வாங்கிய மகன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.