அல்டர்னேற்றர் டயோட் பிளேட் மாத்தவேணும் – கிளிநொச்சி, வவுனியா பக்கம் ஆர் செய்யினம்?

வணக்கம் உறவுகளே. என்ர காரின்ர அல்டர்னேற்றர் (எஞ்சின் ஓடேக்க பற்றரியைச் சார்ஜ் பண்ணிறது) ஒழுங்காச் சார்ஜ் பண்ணேல்ல; அதுக்குள்ள மாறுதிசைக் கரண்டை நேர்திசையாக்கிற டயோட் பிளேட் பழுது எண்டு நினைக்கிறன். எஞ்சின் நிக்கேக்க பற்றரி 12.6 வோல்ற், லோட் ரெஸ்ற்றும் பாத்தாச்சு, பற்றரியில பிழையில்லை. ஓடேக்க லைற்றும் ஏசியும் போட்டால் 12.9 தான், 13.8–14.4 வரவேணும். பெல்ற் இறுக்கம். அல்டர்னேற்றர் பிளஸ்ஸிலயிருந்து பற்றரி பிளஸ் வரை வோல்ற் இழப்பு 0.1 மட்டும், அதால வயரிலயும் குறையில்லை. மீற்றரை ஏசி (மாறுதிசை) வோல்ற்றுக்கு மாத்தி பற்றரியில வைச்சால் 0.8 காட்டுது. அரை வோல்ற்றைத் தாண்டினாலே டயோட்டைத்தான் சந்தேகிக்கவேணும். காரை நிப்பாட்டி எஞ்சின் முழுக்க ஆறின பிறகும் அல்டர்னேற்றர் உடம்பு மட்டும் இளஞ்சூடு: ஷோர்ட்டான டயோட்டால கரண்ட் திரும்பி வடியுது, இரவில பற்றரி இறங்கிறதும் அதாலதான்.

டயோட் பிளேட்டை மட்டும் மாத்தி, ரெஸ்ற் பெஞ்சில ஓட்டிக் காட்டித் தாற இடம் தெரிஞ்சால் சொல்லுங்கோ. மாங்குளம் எண்டாலும் சரி. ரீகண்டிஷன் (திருத்திப் புதுப்பிச்ச) அல்டர்னேற்றர் இருந்தால் ஆம்பியரும் புல்லித் தவாளிப்பும் பிளக் பின்னும் பொருந்தவேணும். பார்ட் நம்பர் படத்தில இருக்கு.