படர்தாமரை: டியூப்பை நிறுத்தினால் திரும்பி வருகிறது

அயர்ன்காரன், திருப்பூர்:
பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிள் வேலை. காலையிலிருந்து இரவு வரை நீராவிக்குள்தான் நிற்க வேண்டும். இரண்டு மாதமாகத் தொடை இடுக்கில் படர்தாமரை. ஓரம் சிவந்து தடிக்கிறது, நடுவே தெளிகிறது. இப்போது அரைஞாண் கயிறு போகும் வழியே இடுப்பைச் சுற்றிவிட்டது. மெடிக்கலில் ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு போனது, நிறுத்தினேன். பத்தாம் நாள் முன்னைவிட அகலமாக வந்தது. இது மூன்றாவது டியூப். அறையில் கூட இருக்கும் பையனுக்கும் கையில் ஒரு வட்டம். டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. வீட்டிலேயே தீர்க்க முடியுமா?

தோட்டக்காரர்:
சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசுங்கள். எங்கள் ஊரில் அதற்கு வண்டுகொல்லி என்று பெயர்.

மருந்துக்கடை அக்கா:
தம்பி, டியூப்பில் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா?

அயர்ன்காரன்:
குளோபெட்டசால் இருக்கிறது அக்கா.

மருந்துக்கடை அக்கா:
நினைத்தேன். அது ஸ்டீராய்டு. சிவப்பும் அரிப்பும் உடம்பு பூஞ்சையோடு போடும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்கிவிடும், பூஞ்சை நிம்மதியாகப் பரவும். 2018இலேயே இவற்றை டாக்டர் சீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், ஆனாலும் கவுண்டரில் கேட்டால் கிடைக்கிறது. எங்கள் தொழிலுக்கே வெட்கக்கேடு.

சிறிய வட்டம் என்றால் ஸ்டீராய்டு கலக்காத வெறும் குளோட்ரிமசோல் போதும், அது பூஞ்சையைக் கொல்லும் களிம்பு. தினம் இரண்டு வேளை, வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் வரை பூச வேண்டும். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது. எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் அறைப் பையன் இப்படிச் செய்யட்டும். உங்களுக்கு இடுப்பு வரை ஏறிவிட்டது, ஸ்டீராய்டும் பூசியாயிற்று, மாத்திரை தேவைப்படலாம். அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், டியூப்பையும் எடுத்துப் போங்கள். தினம் இதைத்தான் பார்க்கிறார்கள், கூச்சமே வேண்டாம்.

அரைஞாண் கயிற்றை இன்றே அறுத்துவிடுங்கள், ஈரம் அதில்தான் தங்குகிறது. சோப்பு, துண்டு தனித்தனி. ஜட்டி, லுங்கியைச் சுடுநீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் போடுங்கள். அயர்ன் பெட்டி உங்கள் கையிலேயே இருக்கிறது, தையல் ஓரத்தை நன்றாகத் தேயுங்கள்.

தோட்டக்கார அண்ணே, வண்டுகொல்லியை எங்கள் அம்மாவும் அரைப்பார். ஆனால் ஸ்டீராய்டு பூசி மெலிந்த தோலில் எலுமிச்சை பட்டால் எரிந்துபோகும்.

அயர்ன்காரன்:
கயிற்றை அறுத்துவிட்டேன் அக்கா. அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.