கொப்பரைத் தேங்காயை ஏன் பெட்டியிலிருந்து எடுத்தார்கள்?

மதுரைப் பொண்ணு கேட்டது:

போன வாரம் அம்மாவை ஜெர்மனிக்கு விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். தம்பி மனைவிக்குப் பிரசவம். லேகியம், பருப்புப்பொடி, கூழ்வடகம், ஒரு கிலோ அல்வா, இரண்டு கிலோ கொப்பரை என்று பதினைந்து நாளாகப் பெட்டி கட்டினார்.

பெட்டியைப் போட்டாயிற்று, போர்டிங் பாஸும் வாங்கியாயிற்று. இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும்போது அம்மா பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "பெட்டியைத் திறக்கணுமாம், நீ வா" என்று எனக்குப் போன். நான் எப்படி உள்ளே போவது? முழங்கால் வலியோடு அவரே தனியாகப் போயிருக்கிறார். கையுறை போட்ட ஒருவர் புடவைகளை எடுத்து மேஜையில் அடுக்கிவிட்டு, அல்வா டப்பாவை ஒரு சின்னத் துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு மெஷினுக்குள் செருகிப் பார்த்தாராம். அப்புறம் அல்வாவைத் திருப்பி வைத்துவிட்டு, கொப்பரையை மட்டும் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு "ரூல்ஸ்ம்மா" என்பதோடு சரி.

கொப்பரை வெடிக்குமா? அல்வாவை எதற்குத் துடைத்தார்? இந்த ரூல்ஸை யார் போடுகிறார்கள்? என் பெரியம்மா மகன் இதே கொப்பரையை மூன்று தடவை கொண்டுபோயிருக்கிறான், ஒருத்தரும் கேட்கவில்லை.

ஊர்சுற்றி:

எனக்கு இதே கதை பவர் பேங்க்கில் நடந்தது. பெட்டியில் வைத்ததற்குக் கீழே கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆபத்தான பொருள் என்றால் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதானே? "கையில் வைத்துக்கொண்டு உள்ளே போங்க" என்றார்கள். இதில் என்ன நியாயம்?

காங்கேயத்தான்:

அம்மிணி, இந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்லணும். அண்ணனுக்குக் காங்கேயத்தில் கொப்பரைக் களம். நான் முப்பது வருஷத்துக்கு மேல் விமான நிலையத்தில் சரக்கு, பெட்டி ஏற்றும் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

உங்கள் அம்மா பெட்டியில் நடந்தது ஒரு சோதனை இல்லை, இரண்டு. அல்வாவைத் துடைத்தது ஓர் ஆபீஸின் விதி. கொப்பரையை எடுத்தது இன்னோர் ஆபீஸின் விதி. இரண்டுக்கும் பயம் வேறு வேறு.

முதலில் அல்வா. எக்ஸ்ரே திரையில் இரும்பு நீலமாகத் தெரியும். துணி, சாப்பாடு, பிளாஸ்டிக் மாதிரி கரிமப் பொருளெல்லாம் ஆரஞ்சு. வெடிமருந்தும் அதே ஆரஞ்சுதான். ஒரு கிலோ அல்வா கட்டியாக, அடர்த்தியாக, ஒரே சீராகக் கிடந்தால் திரைக்கு முன்னால் இருப்பவருக்கு அது திருநெல்வேலியா வேறொன்றா என்று தெரியாது. அதனால் துணியால் துடைத்து, வெடிமருந்தின் துகள் ஒட்டியிருக்கிறதா என்று மெஷினைக் கேட்கிறார். வயலுக்கு உரம் போட்ட கையோடு பெட்டி கட்டினால்கூட சில நேரம் மெஷின் கத்தும். உள்ளுக்குள் பதறிக்கொண்டு நின்ற விவசாயிகளை நானே பார்த்திருக்கிறேன்.

இந்தப் பக்கம் முழுக்க பிசிஏஎஸ் என்கிற சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் வேலை. யாரோ ஒரு மனுஷன் கெட்ட எண்ணத்தோடு வருவான் என்பதுதான் அவர்களுடைய பயம். அது சும்மா வந்த பயம் இல்லை. 1984 ஆகஸ்ட் 2 ராத்திரி நான் வேலை தேடிக்கொண்டு பல்லாவரத்தில் ஒரு அறையில் இருந்தேன். மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்தது. ஜன்னல் அதிர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. கொழும்பு விமானத்துக்கென்று போட்ட பெட்டி அது. போட்டவன் விமானம் ஏறவில்லை. முப்பது பேர் அளவுக்குச் செத்தார்கள். அடுத்த வருஷம் ஜூன் 23, கனிஷ்கா என்கிற ஏர் இந்தியா விமானம். வான்கூவரில் பெட்டியைப் போட்டவன் ஏறவில்லை, பெட்டி மட்டும் ஏறியது. 329 பேர் அயர்லாந்துக்குப் பக்கத்துக் கடலில் போனார்கள். 1978-ல் டிஜிசிஏ என்கிற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குள் ஒரு சின்னப் பிரிவாகத் தொடங்கிய பிசிஏஎஸ், 1987-ல் தனித் துறையானது அதற்குப் பிறகுதான். இன்றைக்கு ஒருவர் ஏறாவிட்டால் அவர் பெட்டியைத் தேடி இறக்கும்வரை விமானம் நகராது. எல்லாரும் எங்களைத் திட்டுவார்கள். வெயிலில் நூறு பெட்டியைக் கீழே இறக்கி ஒற்றைப் பெட்டியைத் தேடுகிறவனுக்கும் அது சந்தோஷம் இல்லை.

இப்போது கொப்பரை. இங்கே உங்கள் அம்மாவை யாரும் சந்தேகப்படவில்லை, கொப்பரையைத்தான் சந்தேகப்பட்டார்கள். கொப்பரையில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய். ஈரம் சரியாகக் காயாமல் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து உள்ளே சூடு ஏறும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இன்னும் சூடாகும். சூடு வெளியே போக வழி இல்லையென்றால், நெருப்பே வைக்காமல் தானாகப் புகையும். ஒரு மழைக்காலத்தில் அண்ணன் களத்தில் அவசரமாக மூட்டை கட்டி அடுக்கினார்கள். மறுநாள் நடு மூட்டைக்குள் கைவிட்டவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பிரித்துப் பார்த்தால் நடுவில் இருந்த கொப்பரையெல்லாம் பழுப்பேறிக் கருகல் வாடை. இரண்டு கிலோவில் அப்படி ஆகுமா என்றால், ஆகாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் உங்கள் கொப்பரை எவ்வளவு காய்ந்தது என்று எக்ஸ்ரே சொல்லாது. அதனால் உலகம் முழுக்கத் தானாகப் பற்றிக்கொள்ளும் பொருள்களின் பட்டியலில் கொப்பரைக்கு ஓர் எண்ணே உண்டு: யுஎன் 1363. நம் நாட்டில் அபாயப் பொருள் விதிகளைப் பார்த்துக்கொள்வது டிஜிசிஏ.

ஊர்சுற்றி தம்பிக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பவர் பேங்க் உங்கள் கையில் புகைந்தால் பக்கத்து சீட்டுக்காரர் கத்துவார், பணிப்பெண் தண்ணீரோடு வருவார். கீழே சரக்கு அறையில் புகைந்தால் யார் பார்ப்பது? அங்கே இருக்கிற ஹாலான் என்கிற தீயணைப்பு வாயு துணியில் பிடித்த தீயை அடக்கும், லித்தியம் பேட்டரிக்குள் ஏறுகிற சூட்டை நிறுத்தாது. 2010 செப்டம்பரில் துபாயில் விழுந்த சரக்கு விமானத்தில் ஏகப்பட்ட லித்தியம் பேட்டரி. விமானிகள் இருவரும் இறந்தார்கள். பவர் பேங்க் 100 வாட்-அவர் வரை கையில் கொண்டுபோகலாம். சாதாரண 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர்தான், பயப்பட வேண்டாம்.

பெரியம்மா மகன் தப்பித்திருக்கிறார், அவ்வளவுதான். துருவி டப்பாவில் வைத்திருந்தால் திரையில் அது மாவு மாதிரிதான் தெரியும். பார்ப்பவரும் மனுஷன்தானே.

கேள்விக்குறி:

விளக்கமெல்லாம் சரிங்க ஐயா. ஆனால் எழுபது வயது அம்மாவைக் கீழே கூப்பிட்டு "ரூல்ஸ்ம்மா" என்பது எந்த விதியில் இருக்கிறது? செக்-இன் கவுண்டரில் வைத்திருக்கிற படத்தில் பட்டாசு இருக்கிறது, கேஸ் சிலிண்டர் இருக்கிறது. நம் ஊரிலிருந்து பட்டாசு கட்டிக்கொண்டு போகிறவன் எத்தனை பேர்? கொப்பரையும் ஊறுகாயும் கொண்டுபோகிறவன் எத்தனை பேர்? தமிழில் ஒரு வரி, ஒரு தேங்காய்ப் படம். இதற்கு எந்தத் துறையின் அனுமதி வேண்டும்? அப்புறம், சபரிமலைக்குப் போகிறவர்கள் இருமுடியில் தேங்காய் கொண்டுபோகலாம் என்று செய்தி வந்ததே, அது மட்டும் எப்படி?

காங்கேயத்தான்:

படம் விஷயத்தில் உங்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. சொல்வது நியாயம். கண்காணிக்கிற துறைகள் நிறுவனங்களிடம் "அறிவிப்பு வைத்தாயா" என்று கேட்கும். அது பயணிக்குப் புரிந்ததா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஆய்வுக்கு ஆள் வருகிற நாளில் பலகையைத் துடைத்து வைப்போம், அவ்வளவுதான். புகார் எழுத விமானத் துறை அமைச்சகத்தின் ஏர்சேவா தளம் இருக்கிறது. அம்மாவை நடக்கவிட்டதை அதில் எழுதுங்கள். கொப்பரையை எடுத்ததை எழுதினால் பலன் இல்லை. இன்னொன்று, அந்தக் கையுறைக்காரர் பெரும்பாலும் நிலையத்தின் அல்லது நிறுவனத்தின் ஆள். காக்கி உடுப்பில் கைப்பையும் உடம்பும் சோதிக்கிற சிஐஎஸ்எஃப்காரர், அதாவது மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்காரர், வேறு. அவர்கள் 1999 காந்தஹார் விமானக் கடத்தலுக்கு அப்புறம் 2000-லிருந்து வந்தவர்கள், உள்துறைக்குக் கீழே. ஆளுக்கொரு துறை என்பதால் யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

இருமுடி விஷயம்: 2024 அக்டோபரில் பிசிஏஎஸ் தேங்காய்க்கு இருந்த தடையைத் தளர்த்தியது, 2025 ஜனவரி 20 வரைக்கும். கைப்பையில் மட்டும். அதுவும் எக்ஸ்ரே, துடைத்துப் பார்க்கிற மெஷின், கைச்சோதனை மூன்றும் முடிந்த பிறகு. அது முழுத் தேங்காய், கொப்பரை இல்லை.

மதுரைப் பொண்ணு:

ஐயா, இப்போதுதான் புரிகிறது. ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வெப் செக்-இன்னில் "அபாயகரமான பொருள்கள் எதுவும் இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டது நான்தான். படிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

வீல்சேர் கேட்டு வாங்காததும் என் தப்பு. அடுத்த தடவை டிக்கெட்டிலேயே போட்டுவிடுகிறேன். நடக்கவிட்டதைப் பற்றி ஏர்சேவாவில் எழுதியாயிற்று.

அம்மா அங்கே ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் தேங்காய்த் துருவல் பாக்கெட் வாங்கிவிட்டாராம். கப்பலில் வந்ததாம். நம் கொப்பரை வாசம் இல்லை என்று தினமும் போனில் புலம்பல். அல்வா இரண்டே நாளில் காலி. லேகியத்தை மட்டும் தம்பி மனைவி தொடவே மாட்டேன் என்கிறாள், அதைத் தம்பி தின்றுகொண்டிருக்கிறான்.