புதுப்பிப்பு: மூடுல் 4.1-க்கு மாறிய பிறகு எங்கள் ஆசிரியர்கள்

போன மாதம் புலம்பியிருந்தேனே, எங்கள் கல்லூரியில் மூடுல் என்ற இணையவழிக் கற்றல் மென்பொருளை 3.9 பதிப்பிலிருந்து 4.1-க்கு ஏற்றியதும் "பல்சக்கரத்தைக் காணோம்" (அமைப்புகளைத் திறக்கும் பழைய சின்னம்) என்று ஆசிரியர்கள் என்னைத் துரத்துகிறார்கள் என்று, அதன் நிலவரம் இது.

முதலில் நாற்பது பக்கக் கையேடு எழுதினேன். வீண் வேலை, ஒருவரும் திறக்கவில்லை. அப்புறம் இங்கே ஒருவர் சொன்னபடி ஒரே தாளில் பழைய இடம், புதிய இடம் என்று அச்சடித்து ஆசிரியர் அறையில் ஒட்டினேன்: திருத்தும் பொத்தான் இப்போது மேலே வலது மூலையில், மதிப்பெண்களும் பங்கேற்பாளர் பட்டியலும் இடப்பக்கத்திலிருந்து பாடத்தின் பெயருக்குக் கீழே வந்துவிட்டன, வினா வங்கி 'மேலும்' என்பதற்குள் ஒளிந்திருக்கிறது. பாதித் தொலைபேசி அழைப்புகள் அதிலேயே நின்றுவிட்டன!

மீதிப் பேருக்குப் பயம்தான் பிரச்சினை. ஆளுக்கொரு வெற்றுப் பாடம் திறந்து கொடுத்தேன், எதை அழித்தாலும் பரவாயில்லை என்று. அதிகம் கோபப்பட்ட கணக்கு மேடமே இப்போது, "இடப்பக்கப் பாட அட்டவணை நல்லாத்தான் இருக்கு சார், கீழே உருட்டிக்கிட்டே போக வேண்டாம்" என்கிறார்.

மதிப்பெண் ஏடு மட்டும் இன்னும் தலைவலி. தாவல்கள் (tabs) இருந்த இடத்தில் கீழிறங்கும் பட்டியல் வந்ததை யாரும் கவனிப்பதில்லை. அதற்கு இன்னொரு தாள் ஒட்ட வேண்டும்.